பெயரைப் பார்த்து ஏமாறாமல் பிபிசி மைக்ரோவை ஓட்டுவது எப்படி?

பிபிசி மைக்ரோவை ஓட்டிப் பார்க்கலாம் என்று அந்தப் பெயரைத் தேடினால், முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் வேறொரு சாமான்: மைக்ரோபிட். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தப் பலகையும் பிபிசியின் பெயரில் வந்ததுதான். 2016-இல் பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். நாம் தேடுவது 1981 டிசம்பரில் வந்த, கீபோர்டும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பழைய மெஷின். தேடலைத் திருத்தி அதற்கான டிஸ்க் கோப்புகளைக் கண்டுபிடித்தால், கோப்புப் பெயரின் வால் 'எஸ்எஸ்டி' என்று இருக்கும். லேப்டாப்பில் போடும் எஸ்எஸ்டிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அடுத்து 'டிஎஃப்எஸ்' என்று ஒன்று வரும். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவர்களுக்கு உடனே கிராஃப் அல்காரிதம் ஞாபகம் வரும். அதுவும் இல்லை. இரண்டும் என்ன என்பது டிஸ்க் பகுதியில் வரும்.

புதிதாக வருகிறவர்கள் பலர் பாதியில் விட்டுவிட்டுப் போவது இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் என்று நினைக்கிறேன். மெஷின் உண்மையில் எளிமையானது, ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் ஒவ்வொரு படியிலும் எந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்பதைச் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன், மெஷினில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும். எல்லாமே பெரிய எழுத்தில். சின்ன எழுத்தில் தட்டினால் பெரும்பாலான கட்டளைகளை இந்த மெஷின் ஏற்காது.

முதலில், எந்த மெஷின்?

தயாரித்தது கேம்பிரிட்ஜில் இருந்த ஏகான் கம்ப்யூட்டர்ஸ். ஏகான் என்றால் ஓக் மரத்துக் கொட்டை. டெலிபோன் டைரக்டரியில் ஆப்பிளுக்கு முன்னால் வர வேண்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. அப்போது பிபிசி தொலைக்காட்சி மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது, அதோடு சேர்த்து விற்க ஒரு மெஷின் தேவைப்பட்டது. ஏகானில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் சக ஊழியர்களும் ஒரே வாரத்தில் மாதிரியைத் தயார் செய்து பிபிசிக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டினார்கள். அந்த மாதிரிக்கு உள்ளே வைத்த பெயர் புரோட்டான். மலேசியத் தமிழர்களுக்கு அது கார். லினக்ஸில் கேம் விளையாடுகிறவர்களுக்கு வேறொன்று.

விற்பனைக்கு வந்தவை இரண்டு. 16 கேபி மெமரியோடு மாடல் ஏ, 32 கேபியோடு மாடல் பி. தொடக்க விலை 235 பவுண்டும் 335 பவுண்டும், கொஞ்ச நாளிலேயே 299, 399 என்று ஏற்றிவிட்டார்கள். ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியிலும் மாடல் ஏ, மாடல் பி என்று இருக்கிறதல்லவா, அது இந்த மெஷினுக்குச் செய்த மரியாதை. அதனால் தேடும்போது 'மாடல் பி' என்று மட்டும் போடாதீர்கள், பை வந்து குவியும். 'பிபிசி மைக்ரோ மாடல் பி' என்று முழுசாகப் போடுங்கள். இன்னும் நல்லது 'பீப்' என்ற செல்லப் பெயர். பிபிசி நிறுவனத்தையும் பிரிட்டன்காரர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றாலும், 'எமுலேட்டர்' (பழைய மெஷினை இன்றைய கணினிக்குள் நடித்துக் காட்டும் மென்பொருள்) என்று பக்கத்தில் போட்டுவிட்டால் குழப்பம் வராது.

ஏகானின் மற்ற மெஷின்களின் பெயர்கள் இன்னும் மோசம். 1980-இல் வந்தது ஆட்டம். அது இப்போது இன்டெல்லின் ஒரு சிப் வகை, ஒரு காலத்தில் புரோகிராம் எழுதும் ஒரு எடிட்டர். 1983-இல் வந்தது எலெக்ட்ரான். இன்று அந்தப் பெயரைத் தேடினால் டெஸ்க்டாப் ஆப் எழுதும் கட்டமைப்புதான் வரும். 1986-இல் மாஸ்டர். புதியவர்கள் இவை எதற்கும் போக வேண்டாம். மாடல் பி போதும். கிடைக்கிற டிஸ்க்குகளில் பெரும்பாலானவை அதற்கென்று எழுதியவை.

பிரவுசரில் திறப்பது

எதையும் நிறுவாமல் தொடங்க ஜேஎஸ்பீப் என்ற எமுலேட்டர் இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். எழுதியவர் மாட் காட்போல்ட். சி பிளஸ் பிளஸ் ஆட்களுக்கு அந்தப் பெயர் வேறு விதத்தில் தெரிந்திருக்கும். கம்பைலர் என்ன அசெம்பிளி வெளியே தள்ளுகிறது என்று பார்க்க உதவும் தளத்தை அவருடைய குடும்பப் பெயராலேயே கூப்பிடுகிறார்கள். அதே ஆள்தான். தேடலில் அவர் பெயரோடு ஜேஎஸ்பீப் என்றும் சேர்த்துப் போடுங்கள்.

பக்கம் திறந்ததும் கறுப்புத் திரையில் 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்று ஒரு வரி, கீழே ஏகான் டிஎஃப்எஸ், அதற்கும் கீழே பேசிக், அதாவது இந்த மெஷினின் புரோகிராம் மொழி. கடைசியில் வலப்பக்கம் பார்க்கும் ஒரு முனைக் குறியும் அதன் பக்கத்தில் மின்னும் ஒரு கோடும். அவ்வளவுதான், மெஷின் தயார். பூட் ஆகக் காத்திருக்கும் வேலையே கிடையாது. நிஜ மெஷினிலும் சுவிட்ச் போட்டால் கனமாக ஒரு ஒலி, உடனே மெல்லிதாக இன்னொரு ஒலி, திரை வந்துவிடும். பிரவுசரில் அந்த ஒலி கேட்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பக்கத்தில் எங்காவது ஒருமுறை கிளிக் செய்யும்வரை பிரவுசர்கள் சத்தத்தைத் தடுத்து வைத்திருக்கும்.

அமைப்புகளில் மெஷின் வகை மாடல் பி என்று இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டு

இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். நம் கீபோர்டில் அச்சிட்டிருப்பது ஒன்று, பீப் புரிந்துகொள்வது இன்னொன்று. இரட்டை மேற்கோள் குறி ஷிஃப்டும் 2-உம். நட்சத்திரக் குறி, முக்காற்புள்ளி விசையோடு ஷிஃப்ட். சமக்குறி, கழித்தல் விசையோடு ஷிஃப்ட். 'பிரிண்ட்' என்று தட்டி மேற்கோள் போடப் போனால் வேறு எதுவோ விழுவது இதனால்தான். ஜேஎஸ்பீப்பின் அமைப்புகளில் கீபோர்டு முறையை மாற்றலாம். 'நேச்சுரல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் கீபோர்டில் அச்சிட்டபடியே எழுத்துகள் விழும். தொடங்குகிறவர்களுக்கு அதுதான் வசதி. பழைய விளையாட்டுகளை ஆடும்போது மட்டும் 'பிசிக்கல்' முறைக்கு மாறிக்கொள்ளுங்கள். அவற்றில் விசையின் இடம்தான் முக்கியம், அதில் அச்சிட்ட எழுத்து முக்கியமில்லை.

அடுத்து, பெயரால் ஏமாற்றும் மூன்று விசைகள்.

பிரேக். இன்றைய புரோகிராமருக்கு பிரேக் என்றால் லூப்பிலிருந்து வெளியே வருவது. பீப்பில் பிரேக் என்றால் மெஷினையே ரீசெட் செய்வது. எமுலேட்டர்களில் பெரும்பாலும் எஃப்12 விசைதான் பிரேக். அந்த விசை பிரவுசருக்குப் போய்விடாமல் இருக்க, முதலில் பீப்பின் திரைமேல் ஒரு கிளிக். ஓடுகிற புரோகிராமை நிறுத்த மட்டும் என்றால் எஸ்கேப் போதும்.

காப்பி. கன்ட்ரோல்-சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அம்பு விசைகளை அழுத்தினால் திரையில் இரண்டாவதாக ஒரு கர்சர் முளைக்கும். அதை ஏற்கெனவே இருக்கும் ஒரு வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்க் காப்பியை அழுத்திக்கொண்டே இருந்தால், அந்த வரி எழுத்து எழுத்தாகக் கீழே புது வரியில் வந்து விழும். தப்பான எழுத்து வரும்போது நிறுத்தி, சரியானதைத் தட்டிவிட்டு, அம்பால் அந்தத் தப்பைத் தாண்டிப்போய், மீதியைக் காப்பி செய்யலாம். ஒரு வரியைத் திருத்த இந்த மெஷினில் இதுதான் வழி. முதலில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கை பழகிவிடும். காப்பிக்கு நம் கீபோர்டில் எண்ட் விசையை முயன்று பாருங்கள்.

டெலிட். இது பேக்ஸ்பேஸ். கர்சருக்கு இடப்பக்க எழுத்தை அழிக்கும். அவ்வளவே.

முதல் புரோகிராம்

10 என்று எண் போட்டு, பிரிண்ட் என்று எழுதி, மேற்கோளுக்குள் உங்கள் பெயரைத் தட்டி என்டர் கொடுங்கள். அடுத்த வரி: 20 கோ-டு 10 (10-ஆம் வரிக்குப் போ என்று அர்த்தம், ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள்). அப்புறம் எண் இல்லாமல் ரன். உங்கள் பெயர் திரை முழுக்க ஓடும். போதும் என்று தோன்றும்போது எஸ்கேப். எந்த வரியில் நின்றது என்று மெஷின் சொல்லும். லிஸ்ட் என்று தட்டினால் எழுதியது அப்படியே திரும்ப வரும்.

இப்போது துணிந்து பிரேக்கை அழுத்துங்கள். திரை துடைத்துவிட்டது மாதிரி ஆகிவிடும். லிஸ்ட் கொடுத்தால் ஒன்றுமே இருக்காது. பதற வேண்டாம், 'ஓல்ட்' என்று தட்டிவிட்டு மறுபடி லிஸ்ட் கொடுங்கள். புரோகிராம் திரும்பி வந்திருக்கும். ரீசெட் ஆனாலும் மெமரியில் இருந்த எழுத்துகள் அழிவதில்லை. புரோகிராம் காலி என்று தொடக்கத்தில் ஒரு குறி மட்டும் விழுகிறது. ஓல்ட் அந்தக் குறியைச் சரிசெய்கிறது. 'நியூ' கட்டளை கொடுத்த பிறகும் ஓல்ட் வேலை செய்யும், நடுவில் புதிதாக எந்த வரியும் தட்டாமல் இருந்தால். பழைய மெஷின் என்பதால் வைத்த பெயர் இல்லை இது, 1981-லேயே இதன் பெயர் ஓல்ட்தான்.

பிழைச் செய்திகளைக் கண்டு மிரளாதீர்கள். கட்டளையைத் தப்பாக எழுதினால் அது 'மிஸ்டேக்' என்று மட்டும் சொல்லும். 'பிரிண்ட்' என்பதைச் சின்ன எழுத்தில் தட்டினாலும் இதேதான். மெமரி போதாவிட்டால் 'நோ ரூம்'. வரி எண்ணைத் தானாகப் போடும் ஆட்டோ கட்டளையிடம் இடைவெளியைச் சுழியம் என்று கொடுத்துப் பாருங்கள், 'சில்லி' என்று பதில் வரும். இந்த அளவுக்கு முகத்துக்கு நேரே பேசும் கம்ப்யூட்டர் இப்போது கிடைப்பதில்லை.

மோடும் மெமரியும்

பீப்பை நான் மற்ற 8-பிட் மெஷின்களுக்கு மேலாக வைப்பது இந்தப் பகுதிக்காகத்தான். திரைக்கு 0 முதல் 7 வரை எட்டு மோடுகள், அதாவது படம் காட்டும் விதங்கள், உண்டு. சுவிட்ச் போட்டதும் இருப்பது மோட் 7. தொலைக்காட்சியில் செய்தியை எழுத்தாகக் காட்டிய டெலிடெக்ஸ்ட் பக்கங்கள் மாதிரியான திரை அது, அதற்கென்றே ஒரு தனி சிப் உள்ளே இருக்கிறது. திரைக்கு அது எடுத்துக்கொள்வது 1 கேபி மட்டும். மோட் 2-இல் எட்டு நிறங்களும், மின்னும் நிறங்கள் எட்டும் கிடைக்கும். விலை, 20 கேபி. மொத்தமே 32 கேபி இருக்கும் மெஷினில்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி. பிரிண்ட் ஹைமெம் கழித்தல் பேஜ் என்று தட்டுங்கள். கழித்தலுக்குக் குறியைப் போட்டால் போதும். பேஜ் என்பது உங்கள் புரோகிராம் தொடங்கும் மெமரி முகவரி. ஹைமெம் என்பது புரோகிராம் எட்டக்கூடிய மேல் எல்லை, அதற்கு மேலே திரை இருக்கிறது. டிஸ்க் வசதியுள்ள மாடல் பியில், மோட் 7-இல் விடை 25344 என்று வரும். மோட் 2 என்று தட்டி, அதே வரியை மறுபடி கேளுங்கள்: 5888. நிறம் வேண்டும் என்று கேட்டதற்காக ஏறக்குறைய 19 கேபி போய்விட்டது. ஆறு கேபிக்கும் குறைந்த இடத்தில் முழு விளையாட்டை அடக்கியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பது இந்த இரண்டு எண்களைப் பார்த்தாலே விளங்கும்.

சரி, இப்போது ஒரு வேடிக்கை. இந்த மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது, ஆனால் நாமே வரைந்துகொள்ளலாம். எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் ஒரு எழுத்து. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எண். இடமிருந்து வலமாகக் கட்டங்களின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. எந்தெந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டுமோ அவற்றைக் கூட்டினால் அந்த வரிசையின் எண் கிடைக்கும்.

ப-வை எடுத்துக்கொள்வோம். இடப்பக்கம் ஒரு நேர்கோடு, வலப்பக்கம் ஒரு நேர்கோடு, கீழே அடிக்கோடு. அடுத்த எழுத்தோடு ஒட்டாமல் இருக்க, வலது ஓரக் கட்டத்தைக் காலியாக விடுகிறோம். ஆக, மேல் ஆறு வரிசைக்கும் 128-உம் 2-உம் கூட்டி 130. ஏழாவது வரிசை முழுக் கோடு, ஓரக் கட்டம் மட்டும் காலி, 254. எட்டாவது வரிசை 0. ட-வுக்கு வலக்கோடு இல்லை, அதனால் ஆறு வரிசையும் 128. மீதி அதேதான்.

மோட் 7-இல் இது நடக்காது. அங்கே எழுத்து வடிவங்கள் அந்த டெலிடெக்ஸ்ட் சிப்புக்குள்ளேயே உறைந்து கிடக்கின்றன. அதனால் முதலில் மோட் 4-க்குப் போங்கள். அப்புறம் இந்த மூன்று வரிகள்:

விடியூ 23,224,130,130,130,130,130,130,254,0

விடியூ 23,225,128,128,128,128,128,128,254,0

விடியூ 224,225,224,225

திரையில் 'படபட' என்று வந்து நிற்கும். விடியூ என்பது திரைக்கு நேராக எண்களை அனுப்பும் கட்டளை. 23 என்றால் 'புது எழுத்து வரையப்போகிறேன்', 224 என்பது அந்த எழுத்துக்கு நாம் கொடுக்கும் எண். 224 முதல் 255 வரை நம் இஷ்டம், மொத்தம் 32 எழுத்துகள். 'படம்' என்று எழுத முயன்று பாருங்கள். ம-வின் உள்வளைவுக்கும் மேலே புள்ளிக்கும் எட்டு வரிசைக்குள் இடம் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஞ, ஐ மாதிரியான எழுத்துகளுக்கு இரண்டு கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதுதான் நல்லது.

டிஸ்க் போடுவது

தேடும்போது 'டிஸ்க்' என்பதைக் கடைசி எழுத்து 'கே' வைத்தும் 'சி' வைத்தும் தேடுங்கள். ஏகான்காரர்கள் எழுதியது சி வைத்து. எஸ்எஸ்டி என்பது ஒரு பக்கம் மட்டும் உள்ள டிஸ்க்கின் நகல், டிஎஸ்டி என்பது இரண்டு பக்கமும். எஸ்எஸ்டி ஒன்று அதிகபட்சம் 200 கேபி: 80 டிராக், டிராக்குக்கு 10 செக்டார், செக்டாருக்கு 256 பைட். இந்தக் காலத்தில் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படம்கூட இதில் அடங்குவது சந்தேகம்தான். டிஎஃப்எஸ் என்பது அந்த டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் முறை. கோப்புப் பெயர் ஏழு எழுத்துக்குள், ஒரு பக்கத்துக்கு 31 கோப்புகள்.

ஜேஎஸ்பீப்பில் டிஸ்க் மெனுவுக்குப் போனால் உங்கள் கணினியில் இருக்கும் கோப்பைக் கொடுக்க வழி இருக்கும். கொடுத்தபின் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு பிரேக். டிஸ்க் தானாக ஓடத் தொடங்கும். ஓடவில்லை என்றால் நட்சத்திரக் குறி போட்டு 'கேட்' என்று தட்டுங்கள். லினக்ஸ் பழகியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். லினக்ஸில் கேட் என்றால் கோப்பின் உள்ளே இருப்பதைக் காட்டுவது. இங்கே கேட்டலாக் என்பதன் சுருக்கம், டிஸ்க்கில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல். பட்டியலில் ஒரு பேசிக் புரோகிராமின் பெயர் தெரிந்தால், செயின் என்று எழுதி, மேற்கோளுக்குள் அந்தப் பெயரைக் கொடுங்கள். எடுத்து ஓட்டிவிடும். ஓட்டாமல் எடுத்துப் பார்க்க மட்டும் லோட்.

நீங்கள் எழுதுவதைச் சேமித்து வைத்துத் தொடர்ந்து வேலை செய்ய நினைத்தால், பிரவுசரை விடக் கணினியில் நிறுவும் பீப்எம் போன்ற எமுலேட்டர் வசதி. காலி டிஸ்க் ஒன்றை உருவாக்கி அதில் சேவ் செய்துகொள்ளலாம், டேபை மூடினால் போய்விடுமோ என்ற பயம் இல்லை.

ஏஆர்எம் என்ற பெயர்

பீப்பைப் பற்றி எதைத் தேடினாலும் இந்த பிராசஸர் வகையின் பெயர் வந்துகொண்டே இருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீப்பின் அடிப்பக்கம் 'டியூப்' என்று ஒரு இணைப்பு இருக்கும். லண்டன் சுரங்க ரயிலின் செல்லப் பெயரும் அதுதான், வீடியோ பார்க்கும் தளத்தையும் இன்று அப்படித்தான் சுருக்கிச் சொல்கிறோம். இங்கே அது இரண்டாவது பிராசஸர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கும் வழி. ஏகான் தன் சொந்த பிராசஸரை வடிவமைத்தபோது அதன் மாதிரியை பிபிசி பேசிக்கிலேயே எழுதிப் பார்த்தார்கள். 1985 ஏப்ரலில் முதல் சிப் வந்தது, அதை ஓட்டிப் பார்க்க பீப்பைத்தான் பயன்படுத்தினார்கள். அப்போது ஏஆர்எம் என்றால் ஏகான் ரிஸ்க் மெஷின். இந்த ரிஸ்க் ஆபத்து இல்லை, எளிய கட்டளைகளைக் கொண்ட பிராசஸர் வகை. 1990-இல் ஆப்பிளும் சேர்ந்து தனி நிறுவனம் ஆனபோது அட்வான்ஸ்டு ரிஸ்க் மெஷின்ஸ் என்று விரிவை மாற்றிக்கொண்டார்கள், சுருக்கம் அப்படியே நின்றுவிட்டது. உங்கள் கைப்பேசியில் இருப்பது அந்த வம்சம். தேடும்போது குறுக்கே வந்த மைக்ரோபிட்டுக்குள் இருப்பதும் அதேதான்.

நிஜ மெஷின் கிடைத்தால்

இந்தியாவில் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய கம்ப்யூட்டர் திட்டத்தின் பெயர் கிளாஸ். ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் லிட்டரசி அண்ட் ஸ்டடீஸ் இன் ஸ்கூல்ஸ் என்பதன் சுருக்கம். அதில் பள்ளிகளுக்குக் கொடுத்தது பிபிசி மைக்ரோ. இங்கேயே செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனமும் அதே மெஷினை யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது. இதைத் தேடுவதற்குள் தலை சுற்றிவிடும். 'இந்தியா யூனிகார்ன்' என்று போட்டால் நூறு கோடி டாலர் ஸ்டார்ட்அப்கள் வரிசையில் வரும், 'கிளாஸ் கம்ப்யூட்டர்' என்று போட்டால் டியூஷன் சென்டர்கள். நிறுவனத்தின் முதலெழுத்துகளான எஸ்சிஎல்லைச் சேர்த்துத் தேடுங்கள். அதைவிட, அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திய பழைய பள்ளி ஒன்றில் ஸ்டோர் ரூமைப் பற்றி விசாரிப்பது பலன் தரும்.

கிடைத்தால் உடனே பிளக்கில் செருகி சுவிட்ச் போட்டுப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். இதன் பவர் சப்ளைக்குள் மின் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் காகித வகைக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் வெடிப்பு விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே 'பட்' என்று ஒரு சத்தம், அறை முழுக்க நாற்றம் பிடித்த புகை. மெயின்ஸ் உள்ளே வரும் இடத்தில், தேன் நிற ஒளி ஊடுருவும் கூட்டுக்குள் இருப்பவைதான் அவை, ரிஃபா என்று பெயர் அச்சிட்டிருக்கும். புதிதாக வாங்கும்போது கடையில் எக்ஸ்2 வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரணக் கெப்பாசிட்டர் அந்த இடத்தில் ஆகாது. 230 வோல்ட் ஓடும் பெட்டி என்பதால், சாலிடரிங் பழக்கம் இல்லையென்றால் டிவி மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

திரைக்குப் பழைய டிவி ஒன்று போதும். பின்பக்கம் டிவி ஆன்டெனாவுக்குப் போகும் வெளியீடு, காம்போசிட் வீடியோ, ஆர்ஜிபி என்று மூன்றும் இருக்கும். காம்போசிட்டில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், மெஷினில் கோளாறு என்று முடிவுகட்டிவிட வேண்டாம், கலருக்கு உள்ளே ஒரு சின்ன இணைப்பைச் சாலிடர் செய்ய வேண்டியிருக்கும். ஆர்ஜிபியில் படம் மற்ற இரண்டையும் விடத் தெளிவாக இருக்கும், ஆனால் அதற்கான கேபிளும் மானிட்டரும் கிடைப்பது சிரமம். கெப்பாசிட்டரை மாற்றும் வேலை முடிந்த பிறகே இதையெல்லாம் மாட்டிப் பாருங்கள்.